“விடியும்போது வந்துவிடும்” என்று சொன்னேன்

கேள்வி:

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு அரசு மருத்துவமனையில் நர்ஸ். வயது 43. 2021 ஜனவரியில், கொரோனா இரண்டாம் அலையின்போது, எங்கள் வார்டில் இரவுப் பொறுப்பு என்னுடையது. 26 நோயாளிகள். ஹை ஃப்ளோ ஆக்ஸிஜன் எந்திரம் மூன்றுதான். ஜன்னலோரம் ஒன்பதாம் படுக்கையில் 67 வயது ஜூலு பாட்டி ஒருவர் இருந்தார். அடுத்து காலியாகும் எந்திரம் உங்களுக்குத்தான் என்று மாலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். இரவு இரண்டு மணிக்கு ஒன்று காலியானது. டாக்டர் போனில், நாலாம் படுக்கையில் இருந்த 34 வயதுக்காரருக்கு மாட்டச் சொன்னார். மாட்டினேன். பாட்டி கையை அசைத்துக் கூப்பிட்டு, “எனக்கு வந்துவிட்டதா சிஸ்டர்?” என்றார். “விடியும்போது வந்துவிடும்” என்றேன். வராது என்று தெரிந்தே சொன்னேன். ஐந்தரை மணிக்கு இறந்துவிட்டார். அவர் மகள் கேட்டுக்கு வெளியே காரில் இருந்தார், உள்ளே விட அனுமதி இல்லை.

இதை என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. “ஆறிலும் சாவு நூறிலும் சாவு, விடு” என்கிறார் அம்மா. ஆடி மாதம் மாரியம்மன் கோயில் கூழுக்கும் அதற்கப்புறம் போகவில்லை. மருத்துவமனையில் மனவலிமைப் பயிற்சி வைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். எனக்கு மனவலிமை இல்லையா? அந்த மகளைத் தேடிப்போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா? என் மூத்த பெண் நர்ஸிங் படிக்க ஆசைப்படுகிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

— ஒரு வாசகி, டர்பன்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எந்திரத்தை யாருக்கு மாட்டினீர்கள் என்று எழுதும்போது உங்களுக்குத் தடுமாற்றமே இல்லை. நேரம், படுக்கை எண், வயது எல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதுவதுபோல வரிசையாக வருகின்றன. பாட்டி கையை அசைத்துக் கூப்பிட்டார் என்ற இடத்துக்கு வந்ததும்தான் வரிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. அதனால் அந்த இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். அதற்கு முன்னால் உங்கள் முதல் கேள்வியை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது.

உங்களுக்கு மனவலிமை இல்லை என்று நீங்களே முடிவு கட்டியிருக்கிறீர்கள். 2020 நடுவிலிருந்து மருத்துவமனை ஊழியர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இதே கேள்வியை நர்ஸுகள், டாக்டர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள், பிணவறை ஊழியர்கள் என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் எல்லாருமே மறுநாள் தவறாமல் வேலைக்குப் போனவர்கள். நீங்களும் அன்று காலை ஏழு மணிக்கு டியூட்டி முடித்து, அன்றிரவு ஏழு மணிக்குத் திரும்ப வந்திருப்பீர்கள். ஜனவரியில் உங்களில் ஒருவருக்கும் தடுப்பூசி கிடையாது. பிப்ரவரி 1ஆம் தேதி வந்திறங்கிய அஸ்ட்ராஜெனிகா மருந்தும், இங்கே பரவிய புதிய வகைக் கிருமிக்கு அது சரியாக வேலை செய்யவில்லை என்று ஒரு வாரத்துக்குள் நிறுத்தப்பட்டது. சிசோன்கே திட்டத்தில் சுகாதார ஊழியர்களுக்கு முதல் ஊசி போட்டது பிப்ரவரி 17ஆம் தேதிதான். அதுவரை ஒரு முகக்கவசத்தை நம்பி உள்ளே போனீர்கள். வலிமை இல்லாதவர் செய்கிற காரியமா அது?

உங்களுக்கு இருப்பதற்கு வேறு பெயர் உண்டு. ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1984இல், நர்ஸுகளின் வேலையைப் பற்றி எழுதும்போது இதைத் தனியாகப் பிரித்துச் சொன்னார். எது சரி என்று ஒருவருக்குத் தெரிகிறது, ஆனால் அவர் வேலை செய்யும் இடத்தின் தடைகள் அதைச் செய்ய விடுவதில்லை. அப்போது வரும் வேதனை அது. தமிழில் நான் அறத்துயர் என்று சொல்லிக்கொள்கிறேன். இதற்கும் களைப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. களைத்தவர் பத்து நாள் லீவு எடுத்து, பாலிட்டோ கடற்கரையில் இருந்துவிட்டு வந்தால் தெளிவார். அறத்துயர் உள்ளவர் அந்தக் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டும் ஒன்பதாம் படுக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

2009இல் எப்ஸ்டைன், ஹாம்ரிக் என்ற இரண்டு நர்ஸிங் ஆய்வாளர்கள் இதோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள். சம்பவம் முடிந்த பிறகும் அந்தத் துயரம் முழுதாக வடிவதில்லை, அடியில் கொஞ்சம் கசடு தங்கிவிடுகிறது. அடுத்த சம்பவம் அந்தக் கசட்டின் மேல்தான் வந்து விழுகிறது. ஆகவே இருபது வருட அனுபவம் உள்ள சிஸ்டருக்கு ஒரு சின்ன விஷயம்கூட, நேற்றுச் சேர்ந்த பெண்ணைவிட அதிகமாக வலிக்கலாம். “இத்தனை வருஷம் பார்த்தவளுக்கு இது பழகியிருக்க வேண்டாமா?” என்று யாராவது கேட்டால், பார்த்த வருஷம்தான் காரணம் என்று சொல்லுங்கள்.

மூச்சுப் பயிற்சி வகுப்பிலிருந்து எழுந்து வந்ததற்கு வருத்தப்பட வேண்டாம். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், படபடப்பு வரும் நேரத்தில் உடம்பை அடக்க உதவும். ஆனால் எந்திரம் பற்றாத வார்டில் நின்றவரைக் கூப்பிட்டு உன் மூச்சைச் சரிசெய் என்று சொல்லும்போது, குறை அவரிடம் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்வதாகிவிடுகிறது. அது எனக்கும் பிடிப்பதில்லை. அந்த வகுப்புகளை நடத்தியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் நடத்தினார்கள். மருந்துதான் மாறிப்போய்விட்டது.

சரி, இரவு இரண்டு மணிக்கு வருவோம்.

சாதாரண ஆக்ஸிஜன் முகமூடியில், பை வைத்ததாகவே இருந்தாலும், நிமிடத்துக்கு 15 லிட்டர்வரைதான் போகும். ஹை ஃப்ளோவில் 60 லிட்டர்வரை கொடுக்கலாம். மூச்சு முட்டிக்கொண்டிருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த எந்திரம் ஒன்று, ஆள் இரண்டு. இப்படி ஒரு நிலைமை வரும் என்று தெரிந்துதான் தென்னாப்பிரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் 2020 ஏப்ரலிலேயே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. தீவிர சிகிச்சை போதாமல் போகும்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்று முடிவெடுக்க, நோயாளியின் உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது, உறுப்புகள் எப்படி இருக்கின்றன, பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்றெல்லாம் பார்க்கும் முறை அதில் இருக்கிறது. உலகம் முழுக்க இப்படி எழுதப்பட்ட ஏற்பாடுகளில் பொதுவாக ஒரு விஷயத்தை வற்புறுத்துவார்கள்: நோயாளிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்பவர் தலையில் இந்த முடிவைக் கட்டக் கூடாது, அதற்கென்று தனியாக ஆட்கள் இருக்க வேண்டும். உங்கள் வார்டில் அன்று நடந்தது என்ன? தூக்கத்திலிருந்து எழுந்த ஒரு டாக்டர், போனில், தனியாக முடிவெடுத்தார். நீங்கள் தனியாக நிறைவேற்றினீர்கள். அந்த முடிவு மருத்துவ ரீதியில் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதை இரண்டு பேரே சுமக்கும்படி விட்டது சரியில்லை. அந்த டாக்டர் இன்னும் டர்பனில் இருந்தால், அவரும் அந்த இரவை மறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஒரு நாள் அவரோடு டீ குடியுங்கள். அந்த இரவை உங்களோடு பகிர்ந்துகொள்ள உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான்.

நான் தப்பு செய்தேனா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்திருக்கும். நானே கேட்டுப் பதில் சொல்கிறேன், இந்த நாட்டிலிருந்தே ஓர் உதாரணத்தோடு. நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிக்கோ நம் டர்பன் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1977 செப்டம்பரில் போலீஸ் காவலில் தலையில் அடிபட்டுக் கிடந்த அவரை இரண்டு அரசு டாக்டர்கள் பார்த்தார்கள். தகுந்த சிகிச்சைக்கு வழி இருந்தது. போலீஸ் சொன்னபடி தலையாட்டினார்கள். குற்றுயிராக இருந்தவரை வேனில் போட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோக விட்டார்கள். செப்டம்பர் 12ஆம் தேதி அவர் இறந்தார். அந்த டாக்டர்களில் ஒருவரின் பெயர் 1985இல் மருத்துவர் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. செய்யக்கூடிய நல்லதைச் செய்யாமல், அதிகாரத்துக்குப் பணிந்து விடுவது தப்பு. உங்களிடம் இரண்டாவது எந்திரம் இல்லை. கீழே கிடங்கில் பூட்டி வைத்துவிட்டு நீங்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆகவே எந்திர விஷயத்தில் உங்கள் மேல் தப்பு இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அப்படி நினைத்திருந்தால் பிக்கோவை இழுத்திருக்க மாட்டேன்.

இனி அந்த வார்த்தை. அது பொய்தான். இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள், இந்தக் கடிதத்தையும் மடித்து வைத்துவிடுவீர்கள். உங்கள் அம்மா சொன்ன ஆறிலும் சாவு நூறிலும் சாவு உங்களிடம் எடுபடாமல் போனதும் இதனால்தான். அம்மா பாட்டியின் சாவுக்குச் சமாதானம் சொல்கிறார், நீங்கள் உங்கள் வாயிலிருந்து வந்ததற்குச் சமாதானம் கேட்கிறீர்கள்.

என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். இரண்டு மணிக்கு, பிளாஸ்டிக் கவுனுக்குள் வேர்த்து, கண்ணாடியில் ஆவி படிந்து, இன்னொருவர் இறந்த சூட்டோடு அந்த எந்திரத்தைத் துடைத்து மாட்டிவிட்டு வந்த உங்களிடம், ஒரு வயதான பெண் கேட்கிறார். “வராது பாட்டி” என்று சொல்லியிருந்தால்? சொன்ன பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவர் பயத்தைத் தாங்கிப் பிடிக்க உங்களுக்கு ஒரு அரை மணி நேரம் வேண்டும். உங்களிடம் இருந்தது அரை நிமிடம், மிச்சம் 25 பேர். அந்த அரை நிமிடத்தில் அவருக்குக் கொடுக்க உங்கள் கையில் என்ன இருந்ததோ அதைக் கொடுத்தீர்கள். அது உண்மையாக இல்லை. உங்களுக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்காத வார்டு அது.

அதே அலையில் வேலை பார்த்த ஒரு மூத்த சிஸ்டர் என்னிடம் சொன்னதை உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. அவரும் ஆரம்பத்தில் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாராம், எந்திரம் வரும், படுக்கை வரும், மகன் வருவான் என்று. ஒரு மாதம் கழித்து அதையெல்லாம் நிறுத்திவிட்டு, கவுனின் மார்பில் மார்க்கர் பேனாவால் பெரிதாகத் தன் பெயரை எழுதிக்கொண்டு, “எனக்குத் தெரியவில்லை, ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை நான் வருவேன், இந்தப் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாராம். தன் கையில் இருப்பதை மட்டும் வாக்காகக் கொடுப்பது. நீங்கள் மாலையில் அடுத்தது உங்களுக்குத்தான் என்று சொன்னபோது, உங்கள் கையில் இல்லாத ஒன்றை அன்பினால் கொடுத்துவிட்டீர்கள். இரவு சொன்ன பொய் அந்த வாக்கின் தொடர்ச்சிதான். இதில் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது, கற்றுக்கொண்டும் இருப்பீர்கள். அதற்கு மேல் இதில் தண்டனைக்கு இடமில்லை.

ஒரு வேலை சொல்கிறேன். ஒரு நோட்டில் அன்று இரவு ஏழிலிருந்து காலை ஏழுவரை மணிவாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு மணிக்கும் என்ன நடந்தது, யார் கையில் என்ன முடிவு இருந்தது என்று. ஆக்ஸிஜன் எந்திரம் வாங்கும் முடிவு யார் கையில், இரவு ஷிப்டுக்கு எத்தனை நர்ஸ் என்பது யார் கையில், மகளைக் கேட்டிலேயே நிறுத்தியது யார் விதி. உங்கள் கையில் இருந்ததை மட்டும் பச்சை மையில் எழுதுங்கள். பாட்டியின் உதட்டை நனைத்தது, அவரைக் குப்புறப் படுக்க வைக்கத் தாங்கியது, தலையணையை மாற்றியது, இதெல்லாமும் பச்சையில்தான் வர வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் செய்யாமல் இருந்திருக்க மாட்டீர்கள். எழுதி முடித்ததும் உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் எதுவும் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாவம், அவர் சமாதானம் சொல்லப் பார்ப்பார்.

எழுதும்போது அந்த எந்திரத்தின் சீறல் காதில் கேட்டு உடம்பு நடுங்கினாலோ, வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, தூங்குவதற்காகக் குடிக்கவோ மாத்திரை கூட்டவோ வேண்டியிருந்தாலோ, இருந்தென்ன என்ற நினைப்பு எட்டிப் பார்த்தாலோ, நோட்டை மூடிவிடுங்கள். அது அறத்துயரைத் தாண்டி சிகிச்சை தேவைப்படும் நிலை, அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் சாடாக் என்ற மனநல அமைப்பின் இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது, அவர்களும் மருத்துவர் சங்கங்களும் சேர்ந்து 2020இல் சுகாதார ஊழியர்களுக்கென்றே ஓர் உதவி ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். கூப்பிடத் தயங்க வேண்டாம்.

உங்கள் பெண்ணைப் பற்றி: வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள், நீ ஒரு ஹீரோ ஆவாய் என்றும் சொல்லாதீர்கள். அந்த நோட்டை ஒரு நாள் அவளிடம் கொடுங்கள். படித்துவிட்டு அவளே சொல்லட்டும். கூழுக்குப் போகாமல் இருப்பது பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன், நம் ஊரில் மாரியம்மன் கொள்ளைநோயின் அம்மன், அவளிடம் கோபம் இருந்தால் அதுவும் உங்களுக்கும் அவளுக்கும் இடையில்.

கடைசியாக அந்த மகள். இதைத்தான் அதிக நேரம் யோசித்தேன். தேடிப் போகாதீர்கள். அவர் வீட்டு முகவரி உங்களுக்குத் தெரிந்தது வேலையினால், அதை உங்கள் மனபாரத்தை இறக்கிவைக்கப் பயன்படுத்தக் கூடாது. நாலு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் தனக்குள் ஏதோ ஒரு விதமாக அம்மாவின் சாவை அடுக்கி வைத்திருப்பார். நீங்கள் போய்க் கதவைத் தட்டி, உன் அம்மாவுக்கு வர வேண்டியது வேறொருவருக்குப் போனது என்று சொன்னால் உங்களுக்கு லேசாகும், அவருக்கு அன்றிரவு முதல் தூக்கம் போகும்.

ஆனால் அவருக்குக் கொடுக்க உங்கள் மருத்துவமனையிடம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கே தெரிந்திருக்கும், ஜூலு குடும்பங்களில் ஒருவர் வீட்டுக்கு வெளியே இறந்தால், உம்லாஹ்லாங்கோசி மரத்தின் கிளையை எடுத்துக்கொண்டு உறவினர் ஒருவர் இறந்த இடத்துக்கே வருவார். இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, வா வீட்டுக்குப் போகலாம் என்று பேசி, கிளையோடு ஆவியை வீட்டுக்கு அழைத்துப் போவார். நாம் கருமாதி செய்து அனுப்பி வைப்பது போல, அவர்கள் அழைத்து வந்து வீட்டில் சேர்க்கிறார்கள். கொரோனா வார்டுகளுக்குள் யாரையும் விடாத அந்த மாதங்களில் எத்தனையோ குடும்பங்களால் இதைச் செய்ய முடியவில்லை. கேட்டுக்கு வெளியே காரில் இருந்த அந்த மகளாலும் முடிந்திருக்காது.

உங்கள் மேட்ரனிடமும் மருத்துவமனையின் சமூகப்பணியாளரிடமும் போய்ப் பேசுங்கள். அந்த ஒரு குடும்பத்துக்காக என்று கேட்காதீர்கள். அந்த இரண்டு வருடங்களில் உள்ளே வர முடியாமல் போன எல்லாக் குடும்பங்களுக்கும் மருத்துவமனை ஒரு கடிதம் அனுப்பட்டும்: அப்போது வர முடியாதவர்கள் இப்போது வரலாம், கிளையோடு வரலாம், விளக்கோடு வரலாம், நாள் சொன்னால் வார்டில் இடம் ஒதுக்கித் தருகிறோம் என்று. கடிதம் போகட்டும், வருவதும் வராததும் அவர் விருப்பம். வந்து, என் அம்மாவின் கடைசி நேரத்தில் யார் இருந்தார்கள் என்று அவராகக் கேட்டால், அப்போது சொல்லுங்கள், முழுதாக. நான் இருந்தேன் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு.

அதற்குள் வார்டை மாற்றி அமைத்திருப்பார்கள், படுக்கை எண்களும் மாறியிருக்கும். ஒன்பதாம் படுக்கை எந்த ஜன்னலோரம் இருந்தது என்று அவருக்குக் காட்ட ஆள் வேண்டும். நீங்கள் அன்று டியூட்டியில் இருங்கள்.